புல எண்

சிவப்புப் புள்ளி வைத்த கட்டமெல்லாம் கட்டாயப் புலம்.
நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்காது.

கல்லின் பெயர்: பாரடைசோ.
கப்பல் ஏறிய பிறகு அதற்கு அந்தப் பெயர்.
குவாரியில் திம்மராயன் ஈரல்கல் என்பார்.
மெருகேற்றிய பலகைமேல் ஒரு மக்கு தண்ணீர் ஊற்றினால்
அவர் சொல்வதுதான் சரி.
ஈரலுக்குக் கட்டம் இல்லை.

கனம் இரண்டு சென்டிமீட்டர்.
பிளாக் எண் 117.
ரம்பம் ஓடிய மணி நேரம்.
பதினொன்றரைக்குப் போன கரண்ட் இரண்டுக்கு வரும்வரை
ஜெனரேட்டர் குடித்த டீசல்.
தண்ணீரில் இரண்டு வகை: மறுசுழற்சி, புதியது.
புதியது என்றால் முருகேசனின் டேங்கர்,
அவன் பாக்கி கேட்டு வாசலில் நிற்பது
எந்த வகையிலும் சேராது.
எல்லாம் கூட்டிப் பெருக்கித்
திரை தானே ஒரு தொகை சொல்கிறது:
இந்தப் பலகை காற்றில் விட்ட கரி இத்தனை கிலோ.

எங்கோ ஒரு துறைமுக ஊரில்
ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையாக இது கிடக்குமாம்.
ஓரத்தில் பொறித்த கட்டக்குறிக்கு நேரே போனைக் காட்டினால்
நான் தட்டியதெல்லாம் அங்கே எழுந்து வருமாம்.
கட்டடத்தை இடிக்கும் நாளிலும்
பலகை தன் வரலாறு சொல்லி
வேறொரு வீட்டுக்கு வேலைக்குப் போகுமாம்.
பயிற்சிக்கு வந்த பெண் இதைச் சொன்னபோது
எனக்குப் பிடித்திருந்தது. இப்போதும் பிடிக்கிறது.

புல எண்: 214/2.
நடைச்சீட்டு எண்ணைத் தட்டினேன்.
திரை சிவந்தது.
இந்தச் சீட்டு ஏற்கெனவே பிளாக் 109-க்கு.

ஒரு சீட்டு, இரண்டு கல்.
தாளை விளக்குக்கு நேரே பிடித்தேன்.
தேதிமேல் வெள்ளை மை, அதன்மேல் இன்னொரு தேதி.

திம்மராயனுக்குப் போன் போட்டேன்.
"எந்தக் குழிண்ணா இது?"
கம்ப்ரெசர் சத்தம்.
பீடி பற்றவைக்கும் சத்தம்.
"நம்ம குழி இல்லம்மா.
மலைக்கு அந்தண்டை. ஏரிக்கு மேல.
ராத்திரில ஏத்தினது.
நான் சொன்னேன்னு எழுதாத."

மேனேஜர் சீனிவாசலு எட்டிப் பார்த்தார்.
"ஏழை ஒன்னாக்கு, ருக்மாங்கதி.
ஆறு மணிக்கு கன்டெய்னர்.
கல்லு வந்தா சாட்சி சொல்லப்போவுது?"

வேப்பனப்பள்ளி சாலையில் நான் பஸ் ஏறும் இடத்தில்
ஒரு நடுகல் சாய்ந்து நிற்கிறது.
யாரோ கட்சிக் கொடிக்கம்பத்தை அதில் கட்டியிருக்கிறார்கள்.
போன தை மாதம் இரண்டு பேர் வந்து
மைதா மாவு தடவி, தலை சாய்த்துச் சாய்த்துப் படித்தார்கள்.
எந்த ஆண்டு, எவன் மகன்,
எந்த ஊர் மாட்டை மீட்கப் போய்ச் செத்தான்.
மாட்டுக்காரன் பெயர்கூட இருந்தது.
கூட ஓடிய நாய்க்கும் இடம் விட்டிருந்தார்கள்.
வெட்டியவனிடமும் யாராவது வந்து
ஒரு எழுத்தை மாத்து என்றிருப்பார்களா?
மாற்றியிருந்தால் எனக்கு எப்படித் தெரியும்?
பஸ் வந்துவிட்டது அன்றைக்கு.

ஏழை ஒன்றாக்கினேன்.
திரை பச்சையானது.
அவ்வளவு சுலபமாக ஆகக் கூடாது என்று தோன்றியது.

கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம்.
குறிப்புகள், கட்டாயமில்லை, இருநூறு எழுத்துக்குள்.
மூன்று வருடமாக அதைக் காலியாகவே விட்டு வருகிறேன்.
இன்று தமிழில் தட்டினேன்:
மலைக்கு அந்தண்டை. ஏரிக்கு மேல. ராத்திரில.
அவர் பெயரைப் போடவில்லை.

அந்த மென்பொருளுக்குத் தமிழ் தெரியாது.
எழுத்தெல்லாம் வெற்றுச் சதுரங்களாக
வரிசையாக நின்றன.
சீனிவாசலு பார்த்துவிட்டு,
"என்னம்மா, சிஸ்டம் கோளாறா?" என்றார்.
"ஆமா சார்."

சேமிக்கப்பட்டது என்றது திரை.
வெளியே கிரேன் பலகையைத் தூக்கியது,
ஈரம் சொட்டச் சொட்ட.